‘இல்லை’ என்று நான் வாசித்த தாள்

என் கணவரின் இரத்தத்தில் கிருமி இல்லை என்று சொன்னவள் நான்தான். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. தாளிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. நான்தான் அப்படி வாசித்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளைப் பக்கம், ஹாலிஎலைக்கு மேலே இருக்கிறது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. ஒரு பக்கம் மட்டும்தான் அடுத்த வீட்டுச் சுவர், மறுபக்கம் தேயிலை. நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். நான் உயர்தரம் வரை படித்தவள். அதனால் லயத்தில் யாருக்கு இங்கிலீசில் ஒரு கடிதம் வந்தாலும், மருந்துத் துண்டு வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் வாசித்துச் சொல்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவருக்கு நோய் இருப்பது தெரிந்தது வெளிநாட்டு மெடிக்கலில். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஐந்து வருடம் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். மகள் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகு ஊருக்கு வந்து, வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றும் லொறியில் ஓடினார். மகளுக்கு ஆறு வயதானபோது கட்டாருக்குப் போக விண்ணப்பித்தார். மெடிக்கலில் பெயில் என்றார்கள். காரணத்தை வாயால் சொல்லவில்லை. ஒட்டிய கடிதமொன்றைக் கொடுத்து, பதுளையில் இருக்கும் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள்.

அவர் தனியாகப் போய்விட்டு வந்தார். சாயங்காலம் மலைத்தண்ணீர் விழும் பீலியில் குளித்தார், தேத்தண்ணி குடித்தார். பிறகு, “மேல ரோட்டுப் பக்கம் கொஞ்சம் வா” என்று கூப்பிட்டார். லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதனால் எங்கள் வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் மேல் ரோட்டில்தான் நடக்கும். ஏதோ வேலை விசயம் என்று நினைத்துப் போனேன்.

“எனக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு சொல்றாங்க. நீயும் வந்து ரத்தம் குடுக்கணும்” என்றார்.

“எப்படி வந்துச்சு?”

“கொழும்புல இருக்கப்ப.”

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் அன்றைக்கு அதற்குமேல் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் கேட்டேன். அவர் சொன்னார். அது எங்கள் இருவரோடும் இருக்கட்டும்.

என் இரத்தத்தைப் பார்த்தார்கள். எனக்கு இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள், இல்லை. என்னிடம் இல்லாததால் மகளுக்குப் பார்க்கத் தேவையில்லை என்றார்கள். அந்தத் தகவலைக் கேட்டு நான் அழவில்லை. ஆனால் கிளினிக்கிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவரும்போது பாதையோரக் கடையொன்றில் உட்கார வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் நான் மகளோடுதான் படுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டை விட்டுப் போய்விடலாமா என்று நினைத்த நாட்களும் உண்டு. போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு இன்றுவரை ஒரே பதில் எனக்குக் கிடைக்கவில்லை. மகள் இருந்தாள். அவர் பொய் சொல்லாமல் சொன்னார். போவதற்கு இடமும் இல்லை. எல்லாமும் சேர்ந்துதான்.

அவருக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, தினமும், ஒரே நேரத்தில். முதல் மாதங்களில் தலை சுற்றியது, வாய்க்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. அவருடைய அம்மா எங்களோடுதான் இருக்கிறார். மகனுக்கு ஈரல் வருத்தம் என்று மாமியிடம் சொல்லிவைத்தோம். “அந்தக் கொழும்புக் கடையில என்னத்தத் தின்னானோ” என்று மாமி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரைப் போத்தலின் லேபலைச் சுரண்டியெடுத்தோம். அவர் லொறியில் கொழும்புக்குப் போகும் நாட்களில் மாத்திரையைச் சட்டைப் பையில் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோவார். கூட வருபவர் பார்க்காத நேரத்தில் விழுங்க வேண்டும். சில நாள் அதற்காகவே லொறியை நிறுத்திவிட்டு இறங்குவார். நோயைவிட இந்த மறைப்புத்தான் அவரை அதிகமாகக் களைக்க வைத்தது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அவர் தேறினார். முகம் தெளிந்தது, பழைய சட்டைகள் மறுபடி இறுக்கமாயின. நாங்கள் மறுபடி கணவன் மனைவியாக வாழத் தொடங்கியிருந்தோம், கிளினிக்கில் சொல்லிக்கொடுத்த பாதுகாப்போடு.

கிறிஸ்மஸுக்கு, எங்கள் நத்தாருக்கு, முந்திய மாதம் கிளினிக்குக்குப் போனவர் வழக்கத்தைவிட வேகமாகப் படியேறி வந்தார். அன்றைக்குத் தமிழ் பேசும் நர்ஸ் லீவு. பதுளையைச் சேர்ந்த முஸ்லிம் பெண் அவர். வழக்கமாக அவர்தான் டாக்டர் சொல்வதை எங்களுக்குச் சொல்வார். அன்று டாக்டர் சிங்களத்தில் சொன்னதை இவரே கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“பேன்னே நே, பேன்னே நேன்னு ரெண்டு தடவ சொன்னாரு. சிரிச்சாரு” என்றார். கூடவே ஒரு தாளையும் நீட்டினார். “இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு.”

மேல் ரோட்டில் நின்று வாசித்தேன். ஒரு வரிசையில் பரிசோதனையின் பெயர். அதற்கு நேரே இங்கிலீசில் இரண்டு சொற்கள்: நாட் டிடெக்டட்.

பேன்னே நே என்றால் தெரியவில்லை, கண்ணுக்குப் படவில்லை. தாளில் இருந்ததும் அதேதான்: கண்டறியப்படவில்லை. இரண்டுக்கும் அர்த்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக நான் பார்க்காத ஒரு ஆசை அந்த முகத்தில் இருந்தது.

“இல்லைன்னு போட்டிருக்கு” என்றேன்.

“ஒன்னுமே இல்லையா?”

“ஒன்னுமே இல்ல.”

அவர் தேயிலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சற்று நேரம் கழித்து, “அப்ப இனி மாத்திர எதுக்கு?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததும் ஒரு பதில்தான்.

மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று கிளினிக்கில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகும் பல தடவை சொல்லியிருந்தார்கள். அது கிருமி இருக்கிறவர்களுக்குச் சொன்னது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நத்தார் முடிந்ததும் அவர் நிறுத்தினார். கிளினிக்குக்கும் போகவில்லை. நர்ஸ் இரண்டு மூன்று தடவை போன் எடுத்தார். லொறியில் இருக்கிறேன், வருகிறேன் என்று இவர் சொல்லிப் பார்த்தார். பிறகு சிம்மை மாற்றிவிட்டார். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நான்தான் கேட்டேன். ஆகவே மற்றப் பாதுகாப்பையும் விட்டோம்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதங்கள் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது. அவர் எதையும் ஒளிக்காமல் வீட்டுக்குள் நடந்தார். மகளை லொறியின் முன் சீட்டில் வைத்து வெலிமடைக்குக் கூட்டிப்போனார். மாமி, “ஈரல் சரியாப்போச்சு, கர்த்தர் கண்ணத் தொறந்தாரு” என்று கோயிலில் காணிக்கை போட்டார்.

தவக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை நோவு, கழுத்தில் நெறிகட்டு, நெஞ்சிலும் முதுகிலும் சின்னச் சின்னச் சிவப்பு. டெங்குவாக இருக்கும் என்று பயந்தோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். பத்து நாளில் எல்லாம் போய்விட்டது. நான் மறுபடி பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். அந்தக் காய்ச்சலை அப்படியே மறந்தும்விட்டேன்.

அதற்கு அடுத்த மாதம் தீட்டு நின்றது.

எங்கள் பக்கம் பிள்ளை உண்டான எல்லாப் பெண்களுக்கும் தாய்மார் கிளினிக்கில் இரத்தம் எடுப்பார்கள். எனக்கும் எடுத்தார்கள். மகளைச் சுமந்தபோதும் எடுத்ததுதான். அதனால் நான் கையை நீட்டும்போது வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்து மிட்வைப் பிள்ளைக் காம்பராவுக்கே வந்தார். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. வெளியே கூப்பிட்டு, “ரத்தம் இன்னொரு தடவ குடுக்கணுமாம். பதுளைக்கு நீங்க நேரா போங்க. ஒங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க” என்றார். எந்தக் கிளினிக் என்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவருக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். அவர் என் தோளைத் தொட்ட விதத்தில் அதுவும் சந்தேகமாகிவிட்டது.

அன்று இரவு என் கணவரிடம் சொன்னபோது அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். விலாவில் ஒரு வாரமாக அக்கி படர்ந்திருந்தது. மாமி அதற்கு ஏதோ பூசிவிட்டிருந்தார். சட்டையைக் கையில் வைத்தபடி அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

“ஒனக்கா?” என்று மட்டும் கேட்டார்.

கிளினிக்கில் அன்று அந்த முஸ்லிம் நர்ஸ் இருந்தார். இவரைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். “வாங்க, இருங்க” என்றார். என் இரத்தம் மறுபடி எடுக்கப்பட்டது. முடிவு வந்த நாளில் டாக்டரும் அவரும் எங்கள் முன் உட்கார்ந்தார்கள். டாக்டர் சிங்களத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல, நர்ஸ் தமிழில் சொன்னார். எனக்கு இருக்கிறது. காய்ச்சல் வந்த அந்த நாட்களில்தான் அநேகமாக உடம்பு முழுக்கப் பரவியிருக்கும். பிள்ளையைக் காப்பாற்றலாம். இன்றைக்கே மாத்திரை தொடங்க வேண்டும்.

நான் என் பையிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்து மேசையில் வைத்தேன். ஏன் அதைக் கொண்டுபோனேன் என்று இப்போதும் தெரியவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் போலிருக்கிறது.

“இதுல இல்லைன்னுதானே மிஸ் போட்டிருக்கு? நான் அப்படித்தான் வாசிச்சேன். நான் சொல்லித்தான் இவரு நிறுத்தினாரு.”

நர்ஸ் தாளைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். அவருக்கும் தமிழ் கொஞ்சம் தெரியும். “சொல்லுங்க, இவங்களுக்கு முழுசா சொல்லுங்க” என்று நர்ஸிடம் சொன்னார்.

அன்றைக்கு நர்ஸ் சொன்னதை என்னால் ஏறக்குறைய அப்படியே திருப்பிச் சொல்ல முடியும்.

“நம்ம ஒடம்ப நோய்லருந்து காக்கிறதுக்கு வெள்ளை அணுக்கள் இருக்குதானே. அதுல ஒரு வகை மத்த எல்லாத்துக்கும் உத்தரவு குடுக்கிறது. இந்தக் கிருமி தேடிப் போறது அதைத்தான். அந்த அணுவோட மேல்புறத்துல ஒரு பிடி மாதிரி இருக்கு, அதைப் புடிச்சிக்கிட்டு ஒட்டி உள்ள போயிரும். உள்ள போனதும் என்ன செய்யும் தெரியுமா? தன்னைப் பத்தின விவரத்தை, அந்த அணு எந்த எழுத்துல எழுதியிருக்கோ அதே எழுத்துக்கு மாத்தும். மாத்தி, அணுவோட நடுவுல உள்ள அதோட சொந்த எழுத்துக்குள்ளயே சேத்துரும். அதுக்குப் பொறகு அந்த அணுவுக்கு எது தன்னோடது, எது வெளியால வந்ததுன்னு தெரியாது. தன்னோட வேலைன்னு நெனச்சுத்தான் புதுசு புதுசா கிருமி செஞ்சு வெளிய விடும். கடைசில அதுவே செத்துப் போயிரும்.”

“மாத்திரை அதை அழிக்கிறது இல்லையா?” என்று என் கணவர் கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“மாத்திரை, கிருமி புதுசா இன்னொரு அணுவுக்குள்ள போய் எழுதுறதைத் தடுக்கும். ஏற்கனவே எழுதினதை அழிக்காது. எழுதப்பட்ட அணுக்கள்ல கொஞ்சம் ஒரு வேலையும் செய்யாம சும்மா கிடக்கும். கழுத்துல, அக்குள்ல, கொடல் பக்கத்துல, நெறியெல்லாம் இருக்கே, அங்க. மாசக்கணக்கா, வருசக்கணக்கா கிடக்கும். அது கிருமி செய்யாததால நம்ம ஒடம்பும் அதைக் கண்டுக்காது, மருந்தும் அதைத் தொடாது. ரத்தத்துல ஓடுற கிருமியைத்தான் நாங்க எண்ணுறோம். ஒங்களுக்கு அது எண்ண முடியாத அளவுக்குக் கொறஞ்சிருந்துச்சு. அதைத்தான் இந்தத் தாள்ல போட்டிருக்கு. மாத்திரையை நிறுத்தினதும், சும்மா கிடந்ததுல ஒன்னு ரெண்டு வேலை செய்யத் தொடங்கும். ஒரு மாசம்கூட வேணாம், ரத்தம் முழுக்க வந்துரும்.”

“ஒன்னு போதுமா?” என்றார் அவர்.

“ஒன்னு போதும்.”

பக்கத்து அறையில் யாரோ எடை பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர், “அப்ப இவளுக்குள்ள இருக்கிறது என்கிட்ட இருந்ததுதானா? அதேதானா?” என்று கேட்டார். நர்ஸ் அதை டாக்டரிடம் கேட்டார். டாக்டர் தயங்காமல் சொன்னார்: அதிலிருந்து வந்ததுதான், போகப் போகக் கொஞ்சம் கொஞ்சம் மாறும், ஆனால் அதிலிருந்து வந்ததுதான். உண்மையை மழுப்பாமல் சொன்னதற்காக அந்த டாக்டருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அதேபோல அவர் இன்னொன்றும் சொன்னார். மாத்திரையை விடாமல் குடித்திருந்த காலத்தில், தாளில் அப்படிப் போட்டிருந்த அந்த நாட்களில், இவரால் எனக்கு நோய் வந்திருக்காது. நான் வாசித்தது பிழை. நாங்கள் அதை நம்பி நிறுத்தியதுதான் நோயைக் கொண்டுவந்தது.

ஹாலிஎலைக்குப் போகும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். இருவர் கையிலும் ஒரே மாதிரிப் போத்தல். பாதித் தூரம் வந்தபிறகு அவர், “நீ வாசிச்சத நான்தானே கேட்டேன். நானும்தான் அந்த டாக்டர் வாயால கேட்டேன். எனக்கும் அப்படித்தான் கேக்கணும்னு இருந்துச்சு” என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவருடைய குற்றத்தில் பங்கு கேட்க எனக்கு மனமில்லை, என்னுடையதில் அவருக்குப் பங்கு கொடுக்கவும் மனமில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறாக்கினேன். சாப்பிட்டு முடித்து இருவரும் மாத்திரை குடித்தோம்.

எனக்கு மாத்திரை ஒத்துக்கொண்டது. மசக்கை எது, மருந்து எது என்று பிரித்துச் சொல்ல முடியாத குமட்டல் மட்டும் சில வாரம் இருந்தது. பிரசவத்துக்கு முந்திய பரிசோதனையில் என் இரத்தத்திலும் அதே இரண்டு சொற்கள் வந்தன. இந்தத் தடவை நான் அவற்றைச் சரியாக வாசித்தேன். தை மாதம் மகன் பிறந்தான். பிறந்த அன்றே அவன் வாயில் மருந்துப் பாணியை விட்டார்கள். தாய்ப்பால் கொடுக்காமல் மாப்பால் கொடுப்பதுதான் பாதுகாப்பு என்று கிளினிக்கில் முன்பே பேசி முடிவு செய்திருந்தோம். அது எவ்வளவு கடினம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

லயத்தில் பிள்ளை பிறந்தால் எல்லோரும் வந்து பார்ப்பார்கள். போத்தலைப் பார்த்த உடனே கேட்பார்கள். “பால் ஊறலையா?” “முருங்கைக் கீரை சாப்பிட்டுப் பாரேன்.” “சும்மா மாரில போடு, தானா வரும்.” மார்பு கல்லாகக் கனத்து, சட்டை நனைந்து நிற்கும்போது, பால் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. வேலைக்குத் திரும்பிய பிறகு இன்னும் மோசம். காலை பத்து மணிக்குத் தாய்மார் மலையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கி வருவார்கள், பால் கொடுக்க. கையைக் கழுவி, வரிசையாகப் பாயில் உட்கார்ந்து, ஆளுக்கொரு குழந்தையை மடியில் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு குழந்தையையும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கடைசியில் என் மகனை எடுத்து, அவர்கள் நடுவில் உட்கார்ந்து போத்தலைப் பிடிப்பேன். யாரும் தப்பாகப் பேசவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மாமியிடம் சொல்லிவிடுவது என்று அந்த நாட்களில்தான் முடிவு செய்தோம். என் கணவரே சொன்னார். நான் அடுப்படியில் நின்றேன். மாமிக்கு முதலில் விளங்கவில்லை. “ஈரல்தானேடா?” என்று கேட்டார். இல்லை என்று அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். “அவளுக்குமா?” என்றார் மாமி. அன்று சாப்பிடவும் இல்லை. என் மகனைத் தூக்கவும் இல்லை. அவன் தொட்டிலில் அழுதபோது பார்த்துக்கொண்டே இருந்தார். தெரியாமல் இருந்திருந்தால் இந்த வீட்டில் என் பிள்ளைக்குத் தூக்குகிற கை ஒன்றாவது மிச்சமிருந்திருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் துணி துவைக்கப் பீலிக்கு இறங்கினேன். எனக்கு முன்னால் மாமி அங்கே இருந்தார். கூட ஐந்தாறு பெண்கள். என்னைப் பார்க்காமல் மாமி பேசிக்கொண்டிருந்தார்.

“அவ மாரில கட்டி வந்து பெரிய ஆஸ்பத்திரில மருந்து ஓடுது. பால் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிசனா சொல்லியிருக்காரு. நான்தான் வெளிய சொல்ல வேணாம்னேன். இனி அவகிட்ட ஒருத்தரும் இதப்பத்திக் கேக்காதீங்க. அவளே நொந்துபோய் இருக்கா.”

நாங்கள் அவரிடம் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. மாமி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைக் கடந்து படியேறினார். என் பக்கம் திரும்பவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது பையனைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். “தண்ணி சூடு பாரு” என்றார். அதைப் பற்றி அவர் என்னிடம் அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மகனுக்கு மூன்று நான்கு தடவை இரத்தம் எடுத்தார்கள். பதினெட்டு மாதத்தில் கடைசித் தடவை. பிள்ளைக்கு இல்லை என்று முடிவைச் சொன்னபோது நான் நர்ஸை விடவில்லை. அவன் உடம்பில் எங்காவது சும்மா கிடக்காதா, நிறுத்தினால் வராதா என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: “சின்னவருக்கு நிறுத்துறதுக்கு மருந்தே இல்லையே. ஆறு வாரத்தோட பாணியை நிறுத்தியாச்சு. அதுக்குப் பொறகு ஒன்னும் வரலை. இவரோட அணு ஒன்னுக்குள்ளயும் அது போகலை.” என் கணவர் வெளியே போய் வெகுநேரம் வரவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு தேடிப் போனேன். மதிலோரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது இருவரும் நன்றாக இருக்கிறோம். அவர் லொறி ஓட்டுகிறார். நான் பிள்ளைக் காம்பராவில்தான். எங்கள் இரத்தத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கிறது. எழுதப்பட்ட அந்த அணுக்களில் சில செத்துவிடும், சில தங்களைத் தாங்களே பெருக்கிக்கொள்ளும் என்று நர்ஸ் ஒருநாள் சொன்னார். அதை முழுவதும் துடைத்தெடுக்கும் மருந்து எல்லோருக்கும் கொடுக்கும் நிலைக்கு இன்னும் வரவில்லையாம். மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவளுக்குச் சொல்ல வேண்டும். எப்போது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மாமிக்குச் சொன்னதைவிட அது கடினமாக இருக்கும்.

போன மாதம் கிளினிக்கில் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், இன்றைக்குத்தான் முடிவு சொன்னார்கள், நம்மாள் யாரிடமாவது பேசவேண்டும் என்கிறாள், நீங்கள் பேசுவீர்களா என்று கேட்டார். என் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. மலையும் தோட்டமும் வேறென்றாலும் எல்லோருக்கும் எல்லோரும் ஒருவழியில் உறவு. இருந்தாலும் போனேன்.

அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். குடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, எனக்கும் இருக்கிறது என்று முதலில் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை போலிருந்தது.

“எத்தன வருசமா அக்கா?”

சொன்னேன். பிறகு அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன்.

“மாத்திர குடிச்சா போயிருமா?”

“போகாது. அடங்கி இருக்கும். குடிக்கிற வரைக்கும் அடங்கி இருக்கும்.”

“எப்பவுமே உள்ளதான் இருக்குமா?”

“ஆமா. எப்பவுமே.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறுதலாக ஏதாவது சேர்த்துச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவளாகப் பேசும்வரை இருந்தேன்.

“புள்ளைக்குச் சோறு ஊட்டலாமா?” என்று கேட்டாள். இரண்டு வயதில் ஒரு பிள்ளை இருக்கிறதாம். அதற்கும் இரத்தம் எடுத்திருக்கிறார்களாம், முடிவு இன்னும் வரவில்லையாம்.

“ஊட்டலாம். அதனால ஒன்னும் வராது. நீ தின்ன தட்டுலயே ஊட்டலாம். கட்டிப்புடிச்சிட்டுப் படுக்கலாம்.”

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூட நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது, ஒரே குடையில் போனோம். அந்த நேரத்தில் அப்புத்தளைக்கு நேர் பஸ் இல்லை, பண்டாரவளையில் இறங்கி மாற வேண்டும் என்றாள். போன் நம்பர் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அடுத்த கிளினிக் நாள் எப்போது என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். பஸ் எடுக்கும்வரை நின்றுவிட்டு, எங்கள் பஸ் நிற்கும் பக்கம் நடந்தேன். அவர் அங்கே காத்துக்கொண்டிருந்தார்.